கடிகாரமும் காப்பிக் கோப்பையும்

வெற்றி பெற்றோர் தம் நேரத்தை எங்ஙனம் ஆண்டனர் என்று கூறும் நூல்களுக்கு இன்று புத்தகக் கடைகளில் தனி அடுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவற்றுள் சிலவற்றை நாமும் வாங்கியிருக்கிறோம், அடிக்கோடிட்டும் படித்திருக்கிறோம். அட்டை மாறினாலும் உள்ளே வரும் மாந்தர் மாறுவதில்லை. விடியுமுன் எழுந்த பெஞ்சமின் பிராங்ளின் வருவார். அவரை அடுத்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் வீதம் எழுதிய ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி ட்ரோலப் வருவார். இருவரும் ஒரு பத்தி அளவு நின்று, தத்தம் அட்டவணையைக் காட்டிவிட்டு மறைந்துவிடுவர். அந்த ஒரு பத்தி எந்த நூல்களிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்நூல்களையே தேடிப் படித்தபோது நமக்கு ஏற்பட்ட வியப்பும், அதனோடு சேர்ந்த சிறு வெட்கமுமே இக்கட்டுரைக்குக் காரணம்.

ட்ரோலப் 1815-இல் பிறந்தவர். 1834 முதல் 1867 வரை பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் ஊழியம் பார்த்தவர். அந்த ஊழியத்தோடு ஊழியமாக எழுதத் தொடங்கி, வாழ்நாள் முடிவதற்குள் 47 நாவல்களை எழுதி முடித்தார். இவற்றோடு பயண நூல்கள், சிறுகதைகள், வாழ்க்கை வரலாறுகள் வேறு. இதெல்லாம் எப்படி முடிந்தது என்பதை அவரே தம் தன்வரலாற்றில் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். 1875, 1876 ஆண்டுகளில் எழுதிய அந்நூலைத் தம் இறப்புக்குப் பின்னரே வெளியிட வேண்டும் என்று மகனிடம் ஒப்படைத்தார். 1882 டிசம்பரில் அவர் மறைந்தார். மறு ஆண்டு நூல் வெளிவந்தது.

அதில் அவர் காட்டும் ஒழுங்கு அச்சமூட்டக்கூடியது. லண்டனுக்கு அருகில் வால்தம் கிராஸ் என்னும் ஊரில் குடியிருந்த காலத்தில், காலை 5.30 மணிக்கெல்லாம் மேசை முன் அமர்ந்துவிடுவார். முதல் அரைமணி நேரம் முந்தின நாள் எழுதியதைப் படித்து அதன் ஓசையைச் செவியால் சோதிப்பார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தபடியே எழுத்து. காலை உணவுக்கு உடை மாற்றும் நேரத்தில் அன்றைய இலக்கியப் பணி முடிந்திருக்கும். எத்தனை பக்கம் எழுதினோம் என்று நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைப்பார். வாரத்துக்குச் சராசரி 40 பக்கம். எழுதாத நாள் வெற்றிடமாகக் கிடந்து தம்மைப் பார்த்து முறைக்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. ஒரு நாவலை முடித்த மறுநாளே அடுத்த நாவலைத் தொடங்கியிருக்கிறார். எழுத்தாளன் உள்ளெழுச்சிக்காகக் காத்திருக்க வேண்டும் என்பாரைப் பார்த்து, செருப்புத் தைப்பவர் அப்படிக் காத்திருப்பாரா என்று கேலி செய்கிறார். நூலின் இறுதியில், ஒவ்வொரு நூலும் ஈட்டித் தந்த தொகையைப் பட்டியலிட்டுக் கூட்டியும் காட்டுகிறார்: 68,939 பவுன், 17 ஷில்லிங், 5 பென்ஸ். அந்த 5 பென்சையும் விடாமல் எழுதிய மனிதரை நம்மால் வெறுக்க முடியவில்லை. ஆனால் அக்காலத்து இலக்கிய உலகம் முகம் சுளித்தது. கலையைக் கணக்குப் பிள்ளையின் வேலையாக்கிவிட்டாரே என்ற மனத்தாங்கலில், அவருடைய புகழ் நெடுங்காலம் மங்கிக் கிடந்தது. அன்று அவரைத் தாழ்த்திய அதே பக்கங்கள்தாம் இன்று கால நிர்வாக நூல்களில் அவரை உயர்த்துகின்றன. இரு சாராரும் பார்த்தது கடிகாரத்தை மட்டுமே.

கடிகாரத்தைப் பற்றிய அதே பகுதியில் வேறொருவரும் இருக்கிறார். அவர் ஒரு முதிய குதிரைக்காரர். விடியற்காலையில் தம்மை எழுப்புவதற்கென்றே அவருக்கு ஆண்டுக்கு 5 பவுன் கூடுதலாகக் கொடுத்ததாக ட்ரோலப் எழுதுகிறார். வால்தம் கிராசில் வாழ்ந்த ஆண்டுகள் அனைத்திலும் அக்கிழவர் காப்பி கொண்டுவருவதில் ஒருநாளேனும் பிந்தியதில்லையாம். தமக்குக் கிட்டிய வெற்றிக்கு வேறெவரையும்விட அவருக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாகக் கருத வேண்டும்போல் இருக்கிறது என்றும் ட்ரோலப் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்த இடத்தில் அவருடைய பெயரைச் சொல்லவில்லை. வால்தம் கிராஸ் வாழ்க்கை 1859 முதல் 1871 வரை நீடித்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் கணக்கிட்டால் கூடுதல் ஊதியம் 60 பவுன் வரும். அதை 68,939 பவுனுக்கு அருகில் வைத்துப் பார்க்கலாம்.

எசமானர் ஐந்தரைக்கு மேசையில் இருக்க வேண்டுமானால், அடுப்பு மூட்டி, நீர் காய்ச்சி, கோப்பையை ஏந்தி வருபவர் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? இங்கிலாந்தின் மார்கழிக் குளிரில், முதிய வயதில், அவரை எழுப்பியவர் யார்? நூலில் விடையில்லை. நாம் படித்த கால நிர்வாக நூல்கள் எதிலும் இந்தக் கேள்வியும் இல்லை. அவை கடிகாரத்தை எடுத்துக்கொண்டன. காப்பிக் கோப்பையை மேசையிலேயே விட்டுவிட்டன.

இங்கே நம் வெட்கத்தைச் சொல்லிவிடுவது நேர்மை. இத்தகைய நூலொன்றைப் படித்த உற்சாகத்தில், சில ஆண்டுகளுக்கு முன் நாமும் காலை ஐந்து மணிக்கு எழுத அமரும் வழக்கத்தை மேற்கொண்டோம். அதற்கென ஒரு குறிப்பேடும் வைத்தோம். பக்கக் கணக்கு ஒழுங்காகவே இருக்கிறது. அந்நாள்களில் மேசைமேல் ஆவி பறக்க வந்த காப்பியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நம் குறிப்பேட்டின்படி அது தானாகவே வந்திருக்கிறது. நம் இல்லத்தில் நாலேகாலுக்கு எரிந்த அடுக்களை விளக்கைப் பற்றி ட்ரோலப்பின் குதிரைக்காரர்தாம் நமக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

இவ்வகை நூல்களுக்கு முன்னோடி எனத்தக்க ஒரு நூலை, ஒரு நாளின் 24 மணி நேரத்தில் வாழ்வது எப்படி என்னும் பொருளில், இங்கிலாந்தின் ஆர்னால்டு பென்னெட் 1908-இல் எழுதினார். அதிகாலையில் எழச் சொல்லும் அவர், அந்நேரத்தில் பணிப்பெண் எழுந்திருக்க மாட்டாளே என்று வாசகர் முனகுவார்கள் என்பதை அறிந்தவர். முந்தின இரவே தட்டில் தேநீருக்கு வேண்டியவற்றையும் சிறு அடுப்பையும் வைத்துவிடச் சொல்லுங்கள், நீங்களே கொதிக்கவைத்துக் கொள்ளலாம் என்று வழி கூறுகிறார். பணிப்பெண்ணின் உறக்கம் ஒரு நூலாசிரியரின் கருத்தில் பட்டதே நமக்கு ஆறுதல்தான். தட்டை அடுக்கி வைப்பவள் அவளேதான் என்பது வேறு செய்தி.

ட்ரோலப்பிடம் மீண்டும் வருவோம். அஞ்சல் பணிக்காக இடைவிடாது இரயிலில் பயணம் செய்த அவர், மடிமேல் வைத்து எழுத ஒரு சிறு பலகையைச் செய்துகொண்டார். 1857-இல் வெளிவந்த ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ நாவலின் பெரும்பகுதி இவ்வாறு பென்சிலால் எழுதப்பட்டதே. ஓடும் வண்டியிலும் ஒரு நொடியை வீணாக்காதவர் என்று நூல்கள் மெச்சும் இடம் இது. ஆனால் பென்சிலில் எழுதியதைப் பிறகு தம் மனைவி படியெடுத்துத் தந்தார் என்று அடுத்த மூச்சில் அவரே கூறுகிறார். ஓடும் வண்டியின் குலுக்கலில் எழுதிய எழுத்தை ஒவ்வொரு சொல்லாகப் பிரித்தறிந்து மீண்டும் எழுதிய நேரம் எவர் கணக்கில் சேரும்? ரோஸ் ட்ரோலப்பின் குறிப்பேடு எதுவும் நம் கைக்கு வரவில்லை. தம் திருமணம் மற்றவர் திருமணம் போன்றதே, தம் இருவரையன்றி எவருக்கும் அதில் ஆர்வமிருக்காது என்று கணவர் எழுதி முடித்துவிட்டார். அடக்கம் என்று இதைக் கொள்ளலாம். நமக்கு அது போதவில்லை.

கால நிர்வாக நூல்கள் விட்டுவிட்ட மற்றொன்றும் உண்டு. அது நம் கருத்தில் இன்னும் பெரிய பிழை. ட்ரோலப்புக்கு முதற்புகழைத் தந்த நாவல் 1855-இல் வெளிவந்த ‘தி வார்டன்’. முதியோர் இல்லமொன்றின் காப்பாளராக ஆண்டுக்கு 800 பவுன் பெறும் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதிய குரு, அந்தப் பணம் தமக்கு உரியதுதானா என்ற ஐயம் எழுந்தவுடன், சட்டம் தம் பக்கம் இருந்தும், சுற்றத்தார் தடுத்தும் பதவியைத் துறக்கும் கதை. மனக்கலக்கம் மிகும்போதெல்லாம் கையில் இல்லாத செல்லோவை அவர் காற்றில் மீட்டிக்கொண்டிருப்பார். அந்த ஒரு பாத்திரத்துக்காகவே ட்ரோலப்பை மன்னிக்கலாம், அவர் எத்தனை பவுன் ஈட்டியிருந்தாலும். இந்தக் கதை எப்படிப் பிறந்தது? அலுவல் நிமித்தம் சால்ஸ்பரி நகருக்குச் சென்றவர், ஒரு கோடை மாலையில் அங்குள்ள பேராலயத்தைச் சுற்றி உலவியிருக்கிறார். அந்நகரின் சிறு பாலத்தின்மேல் ஒரு மணி நேரம் நின்று, தம் கதையின் முதியோர் இல்லம் எங்கே அமைய வேண்டும் என்று மனத்துக்குள் இடம் குறித்திருக்கிறார். எழுதத் தொடங்கியதோ ஓராண்டுக்கும் மேலான பின்னரே.

அந்த ஒரு மணி நேரத்தில் அவர் எழுதிய சொற்கள் எத்தனை? ஒன்றுமில்லை. கால் மணிக்கு 250 என்னும் அளவுகோலின்படி 1,000 சொற்கள் நட்டம். மலைப்புறத்தில் தனியே இருக்க நேர்ந்த நாள்களில், பாறைகளுக்கும் மரங்களுக்கும் இடையே அலைந்து, தம் பாத்திரங்களின் துயரத்துக்காக அழுததையும் அவர்களின் அசட்டுத்தனங்களுக்காகச் சிரித்ததையும்கூட அவர் மறைக்கவில்லை. தம் நல்ல எழுத்து அத்தகைய நாள்களில் பிறந்தது என்பதே அவர் எண்ணம். ஆக, காலை மூன்று மணி நேரம் என்பது அறுவடை நேரம். விதைப்பு வேறெங்கோ, கடிகாரம் இல்லாத இடத்தில், நடந்திருக்கிறது. கதிரறுக்கும் வேகத்தை மட்டும் அளந்து உழவைக் கற்பிக்க முனையும் நூல்களை என்னென்பது! நாள்தோறும் உட்கார்ந்தாலன்றி எதுவும் முடியாது என்ற ஓர் உண்மையை அவை சரியாகவே சொல்கின்றன, அதை மறுப்பதற்கில்லை. எதை முடிக்க உட்கார்கிறோம் என்பது பாலத்தில் நின்றவருக்கே தெரியும்.

பிராங்ளினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்துக்கு எழுந்து பத்துக்கு உறங்கும் அவருடைய அட்டவணை உலகறிந்தது. காலையில் இன்று என்ன நன்மை செய்வேன் என்றும், மாலையில் இன்று என்ன நன்மை செய்தேன் என்றும் தம்மையே கேட்டுக்கொள்ளும் இரு கேள்விகள் அதன் இரு கரைகள். ஆன்ம சோதனையில் பழகிய நம் வாசகர்களுக்கு அவை அன்னியமாகத் தோன்றா. ஆயினும் அட்டவணை இடம்பெற்ற அதே பகுதியில், தாம் வகுத்த 13 நற்பண்புகளுள் ஒழுங்கு என்பதே தமக்கு மிகுந்த தொல்லை கொடுத்தது என்றும், அதில் தாம் தேறவே இல்லை என்றும் அவர் எழுதியிருப்பதைத் தொகுப்பாளர்கள் ஏனோ படிப்பதில்லை. தொழில் நடத்துபவனை நாடி வருவோர் தத்தம் நேரத்தில்தானே வருவார்கள் என்று அவர் அங்கலாய்க்கிறார். அச்சுத் தாள்களை மடித்துத் தைத்து, கடையைப் பார்த்துக்கொண்ட தம் மனைவி டெபோராவின் உழைப்பையும் அவர் குறிப்பிடாமல் விடவில்லை. அட்டவணை மட்டும் தனியே வெட்டி ஒட்டப்பட்டு உலகைச் சுற்றி வந்துவிட்டது. இன்று கைப்பேசிக்குள்ளும் அது குடியேறியிருக்கிறது.

ட்ரோலப்பின் தன்வரலாற்றில் நம்மை நெடுநேரம் நிறுத்திய பக்கங்கள் அவரைப் பற்றியவை அல்ல. அவருடைய தாயார் பிரான்செஸ் ட்ரோலப்பைப் பற்றியவை. கணவர் தொழிலிலும் வேளாண்மையிலும் நொடித்துப்போனவர். அமெரிக்காவில் வணிகம் செய்து குடும்பத்தை நிமிர்த்தலாம் என்று சென்ற அம்மையார் இருந்ததையும் இழந்து திரும்பினார். அந்நாட்டு மக்களின் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய முதல் நூல் 1832-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. 1834-இல் கடன்காரர்களுக்கு அஞ்சிக் குடும்பம் பெல்ஜியத்தின் புரூஜ் நகருக்கு ஓடியது. அங்கே மகன் ஹென்றிக்குக் காசநோய் முற்றியது. மகள் எமிலியையும் அது பற்றிக்கொண்டது. கணவரும் படுக்கையில் வீழ்ந்தார். செவிலியும் அவரே, சம்பாதிப்பவரும் அவரே. நாவல் எழுதினால்தான் வீட்டில் உணவு. அவருடைய அறையில் மருந்துப் புட்டிகளும் மைப்புட்டியும் சரிசமமாக இடம் பிடித்திருந்தன என்று மகன் நினைவுகூர்கிறார். ஹென்றி அவ்வாண்டு டிசம்பரில் இறந்தான். அடுத்த ஆண்டு கணவர் இறந்தார். அதற்கடுத்த ஆண்டின் தொடக்கத்தில் எமிலி. நூல்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. மொத்தம் 114 தொகுதிகள் என்று மகன் எண்ணிச் சொல்கிறார்.

தாம் எத்தனையோ சூழல்களில் எத்தனையோ நாவல்கள் எழுதியிருந்தாலும், சாகும் மகனின் படுக்கையருகே மனம் முழுவதும் கிடக்கையில் ஒன்றை எழுத முடியுமா என்பது ஐயமே என்று அந்தக் கடிகாரக்காரர், தம் கணக்குகளையெல்லாம் கீழே வைத்துவிட்டு, எழுதுகிறார். நூல் முழுவதிலும் அவர் குரல் தாழ்ந்து ஒலிக்கும் இடம் இது ஒன்றே என்று நமக்குத் தோன்றியது. தம் தாயின் அன்றாடத்தைப் பற்றியும் அவர் சொல்கிறார். அம்மையார் காலை நான்கு மணிக்கே மேசைக்கு வந்துவிடுவாராம். உலகம் விழித்தெழுமுன் தம் எழுத்தை முடித்துவிட்டு, பிறகு நாள் முழுவதும் மற்றவர்களுக்குரியவராய், அவர்களுடைய மகிழ்ச்சியில் தாமும் மகிழ்ந்திருப்பாராம். நான்கு மணிக்கு அவரை எழுப்பவென்று ஆண்டுக்கு 5 பவுன் பெற்றவர் எவரும் இருந்ததாக மகன் எழுதவில்லை.