இரட்சணிய யாத்திரிகத்தில் பணிதலும் ஒருமையும்

எச். ஏ. கிருட்டிணப் பிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கில உரைநடைக் கதையைத் தழுவி எழுந்தது என்பது யாவரும் அறிந்ததே. நற்போதகம் இதழில் 13 ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்து, 1894-இல் நூலுருப் பெற்ற இக்காப்பியம் ஐந்து பருவங்களை உடையது. இதன் குமார பருவத்தில், இயேசுவின் பாடுகளைக் கூறும் இரட்சணிய சரிதப் படலம் விரிவாக அமைந்துள்ளது. முதனூலில் இத்தகைய பகுதி இல்லை. ஆண்டுச் சிலுவையின் காட்சி சில வரிகளில் முடிந்துவிடுகிறது, பயணியின் முதுகுச் சுமை கழன்று வீழ்கிறது, அவ்வளவே. ஆயின் தமிழ்க் காப்பியத்தின் இப்படலத்தைக் கதையோட்டத்தைத் தடுக்கும் மிகை எனத் தள்ளலாமோ?

பனியன் அரசு விலக்கிய கூட்டங்களில் சமயவுரை நிகழ்த்தியவர். இனி அவ்வாறு செய்யேன் என உறுதி கூற மறுத்தமையால் 1660 முதல் 12 ஆண்டுகள் சிறையிலிருந்தார். ஞானமுழுக்குப் பற்றிய கருத்து வேறுபாடு சபையுறவுக்குத் தடையாகாது என வாதிட்டு 1673-இல் தனி நூலே எழுதினார். இறைவனுக்குப் பணிதலும் பணிவாரோடு ஒன்றுதலும் அவர்க்கு ஒன்றே. அவர் கதையில், சாவின் நிழற் பள்ளத்தாக்கில் தனித்துச் செல்லும் பயணி, இருளில் முன்னே யாரோ திருப்பாடல் ஓதும் குரல் கேட்டு உரம் பெறுகிறான். முகம் தெரியவில்லை, குரல் மட்டுமே. அத்துணை எளிமையான காட்சியைக் காப்பிய நடையில் எதிர்பார்த்தல் அரிது. ஐயக் கோட்டையுள் உயிர்விடத் துணிந்த பயணியைத் தடுத்துக் காப்பவனும் வழித்துணைவனே. ஆக, பனியன் காட்டும் ஒருமை ஒத்த நெஞ்சினரின் ஒருமை.

பிள்ளையவர்கள் இதனினும் ஒருபடி மேற்செல்கிறார். இயேசு பெருமானைக் கயிற்றால் பிணித்தபோது அவர் எதிர்க்காது நின்றார். அவரைக் கட்டியது கயிறன்று. தம்மைப் பகைத்த மாந்தர்பால் அவர் கொண்ட அன்பே, அதனை நீக்க அவரால் இயலவில்லை என்பது கவியின் கூற்று. ஆண்டுக் கயிற்றைக் குறிக்கப் 'பாசம்' என்னும் சொல்லைப் பெய்தமை ஊன்றி நோக்கத்தக்கது. கயிறு, அன்பு, உயிரைப் பிணிக்கும் தளை என அச்சொல் தமிழில் சுமந்து வரும் பொருள்கள் அனைத்தும் ஈண்டு ஒருங்கே நினைவுக்கு வருகின்றன. வைணவ மரபிற் பிறந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர் கவிஞர். சமய நூல்களின் சொல்லாட்சி அவர்க்குக் கைவந்தது.

இவ்விடத்துப் பணிதல் வலியிழந்தான் செயலன்று. ஒருமையும் உடன்வருவாரோடு நின்றுவிடுவதன்று. கட்டுவார் கையையும் தழுவுகிறது. நிதானி முதலியோர் படும் துன்பத்துக்கு அளவுகோல் இப்படலமே என்பது எம் கருத்து. இதனை நீக்கின், வழித்துணைவர் நட்பு எஞ்சும். அந்நட்பு பகைவரிடத்தும் விரிதற்குக் காரணம் எஞ்சாது.

அக்காட்சியில், மண் பிளவாததேன், வான் இடிந்து வீழாததேன் எனப் புலம்புவாரின் அரற்றல் கம்பனை நினைவூட்டுகிறது. சற்றே மிகையெனவும் தோன்றும். ஆயினும் அவ்வளவு ஓசைக்கிடையே கட்டுண்டவர் வாய் திறவாது நிற்கின்றார்.