சவப்பெட்டி வாங்கிய அதிகாரி

ஒரு நாடக விமரிசனம் ஒரு தேசத்தையே பத்து வருஷங்கள் உலுக்கி எடுத்தது என்று சொன்னால் வாசகர்கள் நம்பத் தயங்கலாம். விமரிசனம் என்பது எழுதியவனும் எழுதப்பட்டவனும் மட்டுமே கவலைப்படுகிற சமாசாரம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் 1965ஆம் வருஷம் நவம்பர் 10ஆம் தேதி ஷாங்காய் நகரத்து ‘வென்ஹுய் பாவ்’ பத்திரிகையில் யாவ் வென்யுவான் என்பவர் எழுதிய விமரிசனம் அப்படிப்பட்டதுதான். சீனாவின் கலாசாரப் புரட்சிக்கு முதல் வெடி அது என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள்.

அந்த விமரிசனத்துக்கு ஆளான நாடகத்தின் பெயர் ‘ஹாய் ருய் பதவி நீக்கம்’. எழுதியவர் வூ ஹான். அவர் தொழில்முறை நாடகாசிரியர் அல்ல. மிங் வம்சத்துச் சரித்திரத்தில் கரை கண்டவர். பீஜிங் நகரின் உதவி மேயராகவும் இருந்தவர். பீஜிங் இசைநாடக முறையில் எழுதப்பட்ட இந்த நாடகம் 1961இல் மேடை ஏறியது. மா லியன்லியாங் என்ற பெரிய நடிகர் கதாநாயகனாக நடித்தார். நான் படித்தது ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான். பாட்டும் தாளமும் உதிர்ந்துபோன பிறகு மிஞ்சியதை வைத்துத்தான் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்.

ஹாய் ருய் கற்பனைப் பாத்திரம் அல்ல. 1514 முதல் 1587 வரை வாழ்ந்த மனிதர். அந்தக் காலத்துச் சக்கரவர்த்தி ஜியாஜிங், இருபது வருஷங்களுக்கு மேலாகச் சபைக்கு வராமல், சாகாவரம் வேண்டித் தாவோ சமயச் சடங்குகளிலும் மருந்துகளிலும் மூழ்கிக் கிடந்தார். 1566இல் ஹாய் ருய் அவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். ராஜ்யம் கெட்டதற்குச் சக்கரவர்த்தியே காரணம் என்று அதில் பச்சையாகச் சொல்லியிருந்தார். அதைச் சமர்ப்பிக்கும் முன்பு ஒரு சவப்பெட்டி வாங்கி வைத்தார், மனைவியிடம் விடைபெற்றார், வேலைக்காரர்களை வீட்டைவிட்டு அனுப்பினார். அவன் ஓடிவிடாமல் பிடியுங்கள் என்று சக்கரவர்த்தி கத்தியபோது, சவப்பெட்டி வாங்கி வைத்திருக்கிறவன் எங்கே ஓடப்போகிறான் என்று பக்கத்தில் இருந்த அரண்மனைச் சேவகர் பதில் சொன்னாராம்.

ஹாய் ருய் சிறைக்குப் போனார். சில மாதங்களில் சக்கரவர்த்தி இறந்துபோனார். இனி இவர் விடுதலை ஆகி மேலே வருவார் என்று அறிந்த சிறை அதிகாரி ஒரு விருந்து வைத்தார். மறுநாள் மரணதண்டனை, அதற்குத்தான் இந்தச் சாப்பாடு என்று எண்ணி ஹாய் ருய் நிம்மதியாகச் சாப்பிட்டார். பிறகு சக்கரவர்த்தி காலமான செய்தியைச் சொன்னதும், சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்து இரவெல்லாம் அழுதார் என்று மிங் வம்சத்துச் சரித்திரம் சொல்கிறது.

நாவல் எழுதுகிறவன் எவனும் இந்த அழுகையைத் தாண்டிப் போக மாட்டான். தன்னைக் கொல்ல இருந்தவனுக்காக ஒருவர் ஏன் அழவேண்டும்? அது நடிப்பு அல்ல. பார்க்க அங்கே சபை இல்லை. இடித்துரைப்பது என்பது கன்பூஷியஸ் வழியில் வந்தவர்களுக்கு எதிர்ப்பு அல்ல, பக்தி. தகப்பன் தவறினால் மகன் எடுத்துச் சொல்லவேண்டும்; அரசன் தவறினால் மந்திரி சொல்லவேண்டும். சொல்லிவிட்டுச் சாகவும் தயாராக இருக்கவேண்டும். சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பவர் திருந்தவேண்டும் என்று கேட்கலாம். அந்தச் சிம்மாசனம் எதற்கு என்று கேட்பதில்லை.

இந்த வழி பிடிக்காதவர்களுக்குச் சீனாவில் இன்னொரு வழி உண்டு. பதவி தருகிறோம் என்று வந்த தூதர்களிடம், கோயில் பெட்டிக்குள் செத்துப் பூஜை பெறும் ஆமையாக இருப்பதைவிடச் சேற்றில் வாலை இழுத்துக்கொண்டு உயிரோடு திரியும் ஆமையாக இருக்கிறேன் என்ற பொருளில் சொல்லி அனுப்பினாராம் தாவோ ஞானி சுவாங் சூ. அழகான கதை. ஆனால் அவர் ஒதுங்கிய பிறகும் ராஜா ராஜாவாகத்தான் இருந்தார்.

இரண்டையும் மீறிப் பேசியவர் என்று மென்சியஸ் ஒருவரைச் சொல்லலாம். ஜனங்களே முதல், அரசன் கடைசி என்பது அவர் கட்சி. கொடுங்கோலனைக் கொன்றால் அது ராஜத்துரோகம் ஆகாது என்றும் அவர் வாதித்தார். மிங் வம்சத்தை ஸ்தாபித்த ஹாங்வூ சக்கரவர்த்திக்கு இது பொறுக்கவில்லை. 1394இல் மென்சியஸின் நூலிலிருந்து 85 பகுதிகளை வெட்டி எறிந்து ஒரு பதிப்புத் தயாரிக்கச் செய்தார். செத்து ஆயிரத்து அறுநூறு வருஷங்களுக்கு மேல் ஆன ஒரு தத்துவஞானியை ஒரு சக்கரவர்த்தி கண்டு பயந்தார் என்றால், அந்த நூலில் சரக்கு இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இனி நாடகத்துக்கு வருகிறேன். வூ ஹான் அந்த விண்ணப்பக் கதையை விட்டுவிட்டுப் பிந்திய ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்கிறார். ஹாய் ருய் கவர்னராக வருகிறார். ஓய்வுபெற்ற பிரதம மந்திரி சூ ஜியெயின் மகன் குடியானவர்களின் நிலத்தைப் பறித்து, ஒரு பெண்ணைத் தூக்கிச்சென்று, அவள் தாத்தாவையும் கொன்றிருக்கிறான். ஹாய் ருய் அவனுக்கு மரணதண்டனை விதிக்கிறார். நிலத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிடுகிறார். முன்பு ஹாய் ருய்யின் உயிரைக் காப்பாற்றியவரே சூ ஜியெதான். அவர் வந்து கெஞ்சுகிறார். பலிக்காமல் போகவே தலைநகரில் பணத்தை இறைத்து ஹாய் ருய்யைப் பதவியிலிருந்து நீக்க ஏற்பாடு செய்கிறார். புதிய கவர்னர் வந்து நிற்கும்போது, முத்திரையை ஒப்படைப்பதற்கு முன்பே ஹாய் ருய் தண்டனையை நிறைவேற்றிவிடுகிறார்.

கதை விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வூ ஹான் கையில் கிடைத்த தங்கத்தைக் கவனிக்கவில்லை என்பது என் குறை. மகன் தப்புச் செய்தால் தகப்பன் மறைப்பதும், தகப்பன் தப்புச் செய்தால் மகன் மறைப்பதும்தான் நேர்மை என்று சொன்னவர் கன்பூஷியஸ். அப்படியானால் மகனைக் காப்பாற்றத் துடிக்கும் சூ ஜியெயும் கன்பூஷியஸின் சீடர்தானே? உயிர் தந்தவருக்கு நன்றியா, நியாயமா என்று ஹாய் ருய் ஒரு இரவாவது தவித்திருக்க வேண்டாமா? நாடகத்தில் அவர் தவிப்பதே இல்லை. முதல் காட்சியிலேயே சிலையாக வந்து, கடைசிக் காட்சியிலும் சிலையாகவே நிற்கிறார். குடியானவர்களும் கைகட்டி நின்று அழுகிறார்கள், காத்திருக்கிறார்கள், கும்பிடுகிறார்கள். அதிகாரி போனால் நியாயமும் அவரோடு போய்விடும் என்பது அவர்களுக்கும் தெரிகிறது, ஆசிரியருக்கும் தெரிகிறது. அதற்கு மேல் கேள்வி எழவில்லை.

யாவ் வென்யுவானும் இந்தக் குறையின் ஓரத்தைத் தொடத்தான் செய்தார். ஜனங்களை வெறும் பார்வையாளர்களாக்கிவிட்டார் என்று அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அவருக்கு வேண்டியது நாடகம் அல்ல, நாடகாசிரியர். நிலத்தைத் திருப்பிக் கொடு என்று மேடையில் சொன்னால், பொதுவுடைமைப் பண்ணைகளைக் கலை என்று அர்த்தம் என்றார். இத்தனைக்கும், ஹாய் ருய்யைப் போல் உண்மை பேசுங்கள் என்று 1959 ஏப்ரலில் கட்சிக்காரர்களுக்குச் சொன்னவர் மாவோதான். அதே வருஷம் ஜூலையில் ராணுவ மந்திரி பெங் தெஹுவாய், மாபெரும் பாய்ச்சல் திட்டத்தின் கோளாறுகளைச் சொல்லி மாவோவுக்கு ஒரு கடிதம் எழுதினார், பதவி போயிற்று. பஞ்சத்தில் கோடிக்கணக்கானவர்கள் மாண்டார்கள். நாடகத்தின் விஷயமே பதவி நீக்கம்தான், பெங் தெஹுவாயும் ஒரு ஹாய் ருய்தான் என்று 1965 டிசம்பரில் மாவோவே சொன்னார். விமரிசகர் எழுதாத வரியை ஆட்சியில் இருந்த வாசகர் எழுதிச் சேர்த்துவிட்டார்.

வூ ஹான் 1969 அக்டோபரில் சிறையில் இறந்தார். மா லியன்லியாங் 1966இலேயே போய்விட்டார். 1979இல் வூ ஹான்மீது இருந்த பழியைச் சர்க்கார் நீக்கியது. யாவ் வென்யுவான் 1976இல் கைதாகி, 1981இல் இருபது வருஷச் சிறைத்தண்டனை பெற்றார். ஒருவனுடைய எழுத்தைப் படித்துவிட்டு அவன் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று சாட்சி சொல்லப் புறப்படும் விமரிசகர்கள் இந்தச் சரித்திரத்தை ஒருமுறை படித்து வைப்பது நல்லது.

வூ ஹான் கேட்காத கேள்வியை லூ சுன் 1918லேயே ‘பைத்தியக்காரனின் டைரி’ என்ற சிறுகதையில் கேட்டுவிட்டார். தர்மம், கருணை என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கும் பழைய புத்தகத்தில், வரிகளுக்கு நடுவே மனிதனை மனிதன் தின்பதைத்தான் அந்தப் பைத்தியக்காரன் படிக்கிறான். ஆனால் கதையின் முன்னுரையிலேயே, அவனுக்குப் பைத்தியம் தெளிந்துவிட்டது, சர்க்கார் உத்தியோகத்துக்குக் காத்திருக்கிறான் என்று ஆசிரியர் சொல்லிவிடுகிறார். அதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது.

லூ சுன்னைப் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்தவர்கள்தான் 1989இல் தியனன்மென் சதுக்கத்தில் கூடிய மாணவர்கள். ஏப்ரல் 22ஆம் தேதி, மறைந்த தலைவர் ஹூ யாவ்பாங்கின் இறுதி மரியாதை நடந்த நாள், அவர்களில் மூன்று பேர் மக்கள் மாமண்டபத்தின் படிகளில் மண்டியிட்டார்கள். விண்ணப்பச் சுருளைத் தலைக்கு மேல் ஏந்தி, பிரதமர் லீ பெங் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். நெடுநேரம் அப்படியே இருந்தார்கள். பிரதமர் வரவில்லை. கூட்டத்தில் பலர் அழுதார்கள். ஜூன் 4ஆம் தேதி ராணுவம் வந்தது. மண்டியிட்டதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அது சவப்பெட்டி வாங்குகிற தைரியம். ஆனால் கேட்பதற்கு மேலே ஒரு தகப்பன் இருக்கிறார் என்ற பழைய நம்பிக்கையும் அதில் இருந்தது.

2022 நவம்பரில் உரும்சி நகரத்துத் தீவிபத்தில் பத்துப் பேர் இறந்தார்கள் என்று சர்க்கார் சொன்னது. கொரோனாக் கட்டுப்பாடுகள்தான் அவர்களைத் தப்பவிடவில்லை என்று ஜனங்கள் கொதித்தார்கள். பல நகரங்களில் இளைஞர்கள் கையில் ஆளுக்கொரு வெள்ளைக் காகிதத்தோடு தெருவில் நின்றார்கள். அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை. ஷாங்காயில் சிலர் தலைவர் பதவி விலகவேண்டும் என்றே கோஷமிட்டார்கள். டிசம்பரில் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. நின்றவர்களில் சிலர் கைதானார்கள்.

அந்தக் காகிதம் யாருக்கும் எழுதப்பட்ட விண்ணப்பம் அல்ல என்பதைத்தான் நான் கவனித்தேன். மண்டியிடவும் இல்லை, மலைக்குப் போய் ஒதுங்கவும் இல்லை. அவர்கள் மென்சியஸைப் படித்தார்களோ இல்லையோ, வெட்டி எறியப்பட்ட அந்த 85 பகுதிகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வூ ஹான் எழுதியது குறையுள்ள நாடகம்தான். ஆனால் குறையில்லாத நாடகம் ஒன்றைச் சீனாவில் யாராவது எழுதுவதானால், ஹாய் ருய் அழுத அந்த இரவில் தொடங்கி, கும்பிட்டு நின்ற குடியானவர்களில் ஒருவன் நிமிர்ந்து வாயைத் திறக்கும் இடத்துக்கு அது வந்து சேரவேண்டும்.