கடற்கரைக்கு அயலார் யார்?

பொதுநிலத்தைக் காப்பதற்கென எழுதப்பட்ட விதிகளை நம்மவர் பெரும்பாலும் படிப்பதில்லை. வழக்கறிஞர் படிப்பார், நில அளவையாளர் படிப்பார், நமக்கென்ன என்று இருந்துவிடுகிறோம். ஆனால் ஒரு செய்யுளுக்குப் பொருள் காண்பது போலவே ஒரு சட்டத்துக்கும் சொல் சொல்லாகப் பொருள் காணலாம். எச்சொல்லால் யாரை உள்ளே அழைத்தார்கள், எச்சொல்லால் யாரை வாயிலில் நிறுத்தினார்கள் என்று பார்த்தால், அச்சட்டத்தின் உள்ளக்கிடக்கை விளங்கிவிடும். கடற்கரை ஒதுக்கு நிலத்தையும் திறந்த வெளியையும் பற்றிய நம் நாட்டு விதிகளை அவ்வாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம் மொழியிலுள்ள ஒரு சொல்லை எண்ணிப் பார்ப்போம். புறம்போக்கு என்பது இன்று வசைச்சொல்லாகிவிட்டது. ஆயினும் அது தமிழ்நாட்டு நிலக்கணக்கில் மதிப்புடைய சொல். வரிக்குரிய நிலத்துக்குப் புறமாக, ஊரார் அனைவருக்கும் பொதுவாக விடப்பட்ட ஏரிக்கரையும் மேய்ச்சல் வெளியும் சுடுகாடும் கடலோரமும் புறம்போக்கு எனப்பட்டன. தனியொருவருக்கு உரிமையில்லாததால் அது எல்லார்க்கும் உரிமையானது. அச்சொல் இழிந்த கதையே பொதுநிலம் இழிந்த கதையும் ஆகும். யாருக்கும் சொந்தமில்லாதது எவரும் எடுத்துக்கொள்ளத்தக்கது என்னும் எண்ணம் எப்படியோ நம்முள் புகுந்துவிட்டது.

இனி நம் சட்டத்துக்கு வருவோம். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத் தொகுப்பு கடற்கரையை இன்னதென வரையறுக்கிறது. பெருவேலி ஏற்றத்தின்போது நீர் எட்டும் கோட்டுக்கும், இறக்கத்தின்போது நீர் விலகும் கோட்டுக்கும் இடைப்பட்ட நிலமே அது. இந்நிலம் மாநில அரசின் நிலம். இதனைத் தனியாருக்கு நிரந்தர உடைமையாகக் கொடுக்க இயலாது; கொடுப்பதானால் 99 ஆண்டுக்கு மேற்படாத குத்தகையாகவே கொடுக்கலாம். கேட்பதற்கு நல்ல காவலாகவே தோன்றுகிறது. ஆனால் சற்று நின்று நோக்குங்கள். கடல் பெருகி நிற்கும் வேளையில் இந்தப் பொதுநிலம் எங்கே இருக்கிறது? நீருக்குள் இருக்கிறது. குடும்பத்தோடு பாய் விரித்து அமரும் இடமும், நீத்தார் கடன் செய்வோர் கும்பிட்டு நிற்கும் இடமும் அக்கோட்டுக்கு மேலேயுள்ள மணல் மேடு. அந்த மேடு யாருடைய பட்டாவில் உள்ளது என்பதே உண்மையான வினா. அது விடுதியின் பட்டாவாயின், கீழேயுள்ள பொதுநிலத்துக்குச் செல்ல வழியில்லை. வழியற்ற உரிமை, ஏட்டுச் சுரைக்காய்.

இக்குறையைத் தீர்க்க அதே தொகுப்பின் 62-ஆம் பிரிவு இடம் தருகிறது. மாநில அரசு தன் நிலத்தை ஒரு பொதுக் காரியத்துக்கென அரசிதழில் அறிவித்து ஒதுக்கிவைக்கலாம். அவ்வாறு ஒதுக்கிய நிலத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தலாகாது. ஒதுக்கீட்டை நீக்க வேண்டுமாயின், 64-ஆம் பிரிவின்படி விசாரணை வைத்து, ஆட்சேபங்களைக் கேட்ட பின்னரே நீக்க வேண்டும். இது நல்ல விதி. ஆனால் இப்பிரிவில் ஒதுக்கலாம் என்றிருக்கிறதேயன்றி ஒதுக்க வேண்டும் என்றில்லை. ‘லாம்’ என்பதற்கும் ‘வேண்டும்’ என்பதற்கும் இடையிலுள்ள தொலைவை எந்த அளவையாளரும் அளந்ததில்லை. நம் கடற்கரைகள் கரைவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

கட்டடம் கரையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கும் அளவுண்டு. நீர்ப்பாசன, வடிகால் துறை 1997-இல் வகுத்த வழிகாட்டி, மணற்கரைக்கு 60 மீட்டர் என்றும், சேற்றுக்கரையில் சதுப்புக் காட்டின் கடலோர விளிம்பிலிருந்து 400 மீட்டர் என்றும் கூறுகிறது. அலையின் வேகத்தையும் மண்ணின் இயல்பையும் அறிந்தோர் வகுத்த அளவு இது; குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதன் பெயரே வழிகாட்டி. வழிகாட்டுவது வேறு, கட்டுப்படுத்துவது வேறு. நம் அரசியலமைப்பின்படி நிலம் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. கூட்டரசுத் துறையொன்றின் அறிவுரை, மாநிலத்தின் உத்தரவிலும் உள்ளூர்த் திட்டத்திலும் இடம்பெற்றாலன்றிக் கட்டாயமாவதில்லை.

இவ்வளவும் நிலத்தைப் பற்றிய சொற்கள். மனிதரைப் பற்றிய சொல்லுக்கு இனி வருவோம்; நம் குறைபாட்டின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் திறந்தவெளி என்பதற்குத் தாராளமாகவே பொருள் சொல்கிறது. பொதுத் தோட்டம், பூங்கா, விளையாட்டுத் திடல், நடைவெளி, மக்கள் கூடுமிடம் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். ஆனால் கட்டடம் எழுப்ப ஒருவர் விண்ணப்பித்தால் யாருக்குச் சொல்ல வேண்டும்? அச்சட்டத்தின் 21-ஆம் பிரிவு, உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் அண்டை நிலத்தின் உரிமையாளர்களுக்கு அறிவிப்புக் கொடுக்கச் சொல்கிறது. அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். அண்டை நிலம் எது? ஒட்டியிருக்கும் நிலம், 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ வடிகாலோ ஒதுக்கு நிலமோ இடையிலிருந்தால் அதற்கு அப்பாலுள்ள நிலம், ஒரே முட்டுச்சந்தைப் பாதையாகக் கொண்டால் 200 மீட்டருக்குள் உள்ள நிலம். அவ்வளவே.

இவ்விதியைப் போர்ட்டிக்சன் கடற்கரையில் வைத்துப் பாருங்கள். நம் நெகிரி செம்பிலானில் கடலைத் தொடும் மாவட்டம் அது. நீலாயிலும் சிரம்பானிலும் தம்பினிலும் உள்ளோர் விடுமுறைக்குச் செல்வதும், அஸ்தி கரைப்பதும் அங்கேதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அக்கரைக்கு அயலார் இருவரே: இடப்புற விடுதிக்காரர், வலப்புற விடுதிக்காரர். ஆண்டாண்டாக அம்மணலில் நடந்தவன் அயலானல்லன். லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்து, தன் பெயரில் ஒரு சாண் நிலமுமில்லாத தோட்டத் தொழிலாளி எந்த நிலத்துக்கும் அயலானல்லன். பட்டா உள்ளவனே பக்கத்து வீட்டான், மற்றவன் வழிப்போக்கன். பொதுநிலத்தைக் காக்கும் சட்டம், அதைக் காக்கும் உரிமையைத் தனிநிலம் உடையவனிடம் ஒப்படைத்திருப்பது விந்தையல்லவா?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு; அதையும் நேர்மையாக எண்ண வேண்டும். உள்ளூர்த் திட்டம் உள்ள இடத்தில் அந்த அறிவிப்புத் தேவையில்லை என்று சட்டம் கருதுவதற்குக் காரணம், அத்திட்டத்தின் வரைவை முன்னரே மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள் என்பதே. குறைந்தது 4 வாரம் வரைவு திறந்திருக்கும், எவரும் ஆட்சேபிக்கலாம். அன்றியும் 22-ஆம் பிரிவின்படி, அத்திட்டத்துக்கு மாறான கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கலாகாது. எனவே வாசல் அடைபட்டதன்று என்பர். உண்மை. ஆனால் அவ்வாசல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, சில வாரமே திறக்கிறது. வரைவும் வண்ண வண்ண வரைபடங்களாய் நகராண்மை அலுவலகத்தில் விரிக்கப்படுகிறது. பால்மரத் தோட்டத்தில் வேலை முடித்து வருபவர் அதை எப்போது சென்று பார்ப்பது? பார்த்தாலும் எந்த நிறம் எதைக் குறிக்கும் என்று யார் விளக்குவது?

நிலமற்றவனின் குரல் எவ்வளவு பயன் தரும் என்பதற்குத் தமிழ்நாடு ஒரு சான்று தருகிறது. இந்தியாவில் 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1991 பிப்ரவரி 19-இல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வெளியாயிற்று. உயர்நீர்க் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அது கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. கடலோரங்களில் இறால் பண்ணைகள் பெருகி, வயலும் கிணறும் உப்பேறியபோது சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்சநீதிமன்றம் சென்றார். அவர் பண்ணைக்கு அண்டை நிலக்காரராகச் செல்லவில்லை. கிராம சுயராச்சிய இயக்கத்தின் சார்பில் பொதுநலம் கருதிச் சென்றார். 1996 டிசம்பர் 11-இல், அக்கட்டுப்பாட்டுப் பகுதியிலுள்ள இறால் பண்ணைகளை அகற்றுமாறு தீர்ப்பு வந்தது. நீ யார் என்று அங்கே கேட்டுத் திருப்பி அனுப்பவில்லை. ஆயினும் வெற்றி நிலைக்கவில்லை. 2005-இல் நாடாளுமன்றமே தனிச்சட்டம் இயற்றி அப்பண்ணைத் தொழிலுக்கு வழிவிட்டது. 2019-ஆம் ஆண்டின் புதிய அறிவிக்கை, மக்கள் நெருங்கி வாழும் கிராமக் கரைகளில் கட்டடம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. எண்ணை எழுதிய கையே எண்ணை அழிக்கவும் வல்லது. ஆகவே எண்ணை மட்டும் நம்பியிருத்தல் போதாது. எண்ணை மாற்றும்போது தடுத்துக் கேட்க ஆள் வேண்டும்.

நம் நாட்டிலும் இப்பாடம் எழுதப்பட்டுள்ளது. கடற்கரையிலன்று, கோலாலம்பூரின் ஒரு பூங்காவில். தாமான் ரிம்பா கியாரா பூங்காவையொட்டி உயர்ந்த அடுக்குமாடிகள் எழுப்ப 2017-இல் மாநகர் மன்றம் அனுமதி அளித்தது. அக்கம்பக்கக் குடியிருப்பாளர் வழக்கிட்டனர். 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றம் அவ்வனுமதி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. நீதிபதி நளினி பத்மநாதன் எழுதிய அத்தீர்ப்பின் சாரம் இது: நகரின் கட்டமைப்புத் திட்டம் மேயரைக் கட்டுப்படுத்தும், மனம்போல் அதிலிருந்து விலக முடியாது, விலகினால் காரணம் காட்ட வேண்டும், பாதிக்கப்படும் குடியிருப்பாளருக்கு வழக்கிட உரிமையுண்டு. வழிகாட்டியென மதிக்கப்பட்டது அன்று சட்டமென நிமிர்ந்தது.

ஆனால் நாம் மறக்கக் கூடாத மற்றொரு தரப்பு அவ்வழக்கில் உண்டு. அந்நிலம் முன்னாளில் புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தின் பகுதி. தோட்டத்தை அரசு எடுத்துக்கொண்டபின், 1980-களின் தொடக்கத்தில் தற்காலிக நீண்ட வீடுகளில் குடியேற்றப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் நிலையான வீட்டுக்குப் பல்லாண்டு காத்திருந்தன. அடுக்குமாடித் திட்டத்தில் தங்களுக்கும் வீடு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அவர்கள் அத்திட்டத்தை ஆதரித்தார்கள். பூங்காவா, ஏழைக்கு வீடா என்று இரு நியாயங்களை மோதவிட்டது யார்? காத்திருந்தவர்க்குக் காலத்தில் வீடு கொடுத்திருந்தால் அம்மோதலே எழுந்திராது. நிலமற்றவனைத் திட்டமிடலுக்கு வெளியே நிறுத்தினால், ஒருநாள் அவனையே பொதுநிலத்துக்கு எதிராக முன்னிறுத்துவார்கள் என்பதை இது காட்டுகிறது.

நீலாய் வட்டாரத்துக்கும் இது புதிதன்று. தோட்டங்கள் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிய மண் இது. தோட்டத்துத் திடலில் தலைமுறை தலைமுறையாகப் பந்தாடினோம், திருவிழாக் கண்டோம். எனினும் அது கம்பெனியின் பட்டாவில் இருந்ததால் சட்டப்படி ஒருநாளும் பொதுவெளியாக இருந்ததில்லை. தோட்டம் விற்கப்பட்டபோது திடலும் சேர்ந்தே போயிற்று. புதிய குடியிருப்பில் 10 விழுக்காட்டு நிலம் திறந்தவெளிக்கென ஒதுக்கப்பட வேண்டும் என்பது திட்டமிடல் துறையின் வழிகாட்டி. அதுவும் மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்டு, 62-ஆம் பிரிவின்கீழ் அரசிதழ் ஏறும்வரை வரைபடத்தின் பச்சை வண்ணமேயன்றி வேறன்று.

ஆதலின் வேண்டுவன மூன்று. கடற்கரையின் மணல் மேடும் அதற்குச் செல்லும் பாதையும், குடியிருப்பின் திறந்தவெளியும் காலவரையறைக்குள் அரசிதழ் ஏற வேண்டும் என்று விதி கட்டாயமாதல் ஒன்று. பொதுநிலத்தைப் பாதிக்கும் விண்ணப்பத்தில் அந்த மாவட்டத்தில் வாழும் எவரும் அயலாராகக் கருதப்படல் மற்றொன்று. உள்ளூர்த் திட்டத்தின் வரைவு தோட்ட மண்டபத்துக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் வந்து, மக்கள் மொழிகளில் விளக்கப்படல் மூன்றாவது. இவற்றால் வளர்ச்சி தடைப்படும் என்பார் உளர். ஆட்சேபிக்கும் உரிமை தீர்ப்பளிக்கும் உரிமையன்று. கேட்டபின் தீர்மானிப்பது மன்றத்தின் கடமை. கேளாமலே தீர்மானித்தால்தான் வழக்காகி, ஆண்டுகள் கழிகின்றன.

சட்டம் மாறும்வரை நாம் வாளாவிருக்கவும் வேண்டியதில்லை. வரைவு திறக்கும் அந்த 4 வாரம் இன்றும் நமக்குரியது. ஆசிரியர்கள் மாணவர்க்கு வரைபடம் படிக்கக் கற்பிக்கலாம். ஆலய நிருவாகத்தார் அறிவிப்பைப் பலகையில் ஒட்டலாம். எழுதத் தெரிந்தவர் தெரியாதவருக்கு ஆட்சேப மனு எழுதிக் கொடுக்கலாம். மனுவில் பெயரும் முகவரியும் எழுதப் பட்டா வேண்டியதில்லை.