வெகுளி எங்கே போயிற்று?

2008இல் நாகர்கோவிலில் 'தசாவதாரம்' பார்த்தோம். கூட வந்தவர் குளச்சல் நண்பர். 2004 டிசம்பர் 26 அன்று அவர் வீட்டிலிருந்தும் கடல் ஆளைக் கொண்டுபோயிருந்தது. குமரி மாவட்டத்தில் மட்டும் அன்று செத்தவர்கள் சுமார் 800 பேர். படத்தின் உச்சக்காட்சியில் அதே அலை எழும்பி வந்தபோது அரங்கில் விசில் பறந்தது. பத்து வேஷம், கம்ப்யூட்டர் வித்தை, கொட்டிய காசு எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் அந்த விசில். நண்பர் எழுந்து போகவில்லை. வெளியே டீக்கடையில் நிற்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "இதுல நாத்தம் இல்லியே மக்கா."

நிஜப் பேரிடர் படமாகும்போது பார்வையாளர் எப்படி எதிர்வினை செய்கிறார் என்று கேட்பதற்கு முன்னால், யார் அந்தப் பார்வையாளர் என்று கேட்க வேண்டியிருக்கிறது. கரையிலிருந்து பார்த்தவரா, அலைக்குள் கிடந்தவரா?

'தசாவதாரம்' பிரதிக்குள் சுனாமிக்கு ஒரு வேலை தரப்பட்டிருக்கிறது. கொல்லும் கிருமியைக் கடலின் உப்பு அழிக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் கடலில் வீசப்பட்ட சாமி சிலை கரை ஒதுங்குகிறது. ஆக, செத்தவர்கள் ஒரு பெரிய கணக்கின் செலவுப் பக்கத்தில் போய்விடுகிறார்கள். மணல் கொள்ளையை எதிர்க்கும் தலித் தலைவன் பூவராகன், எதிரியின் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டுச் சாகிறான். பிராமணப் பாட்டி அவனைத் தன் மகனென்று நினைத்துக் கட்டி அழுகிறாள். நாமும் கலங்குகிறோம். கலங்கட்டும். ஆனால் தலித் உடல் பிணமான பிறகுதான் அந்த அணைப்புக்குத் தகுதி பெறுகிறது என்பதைக் கண்ணீர் மறைத்துவிடுகிறது. அதே சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்து முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதும், நிவாரணப் பட்டியலில் விடுபட்டதும் அப்போதே உண்மை அறியும் குழுக்களால் எழுதப்பட்டவை. அரங்கில் அதற்கு இடமில்லை.

விசில் மலிவானது, கண்ணீர் உயர்ந்தது என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. அவர்கள் காட்டும் படம் 2012இல் வந்த 'தி இம்பாசிபிள்'. பயோனா இயக்கியது. தாய்லாந்தின் காவோ லக்கில் அதே அலையில் சிக்கிப் பிழைத்த ஸ்பானியக் குடும்பம் ஒன்றின் கதை. படத்தில் ஆங்கிலேயக் குடும்பமாகிவிட்டது. நீருக்கடியில் அந்தத் தாயின் உடல் கிழிபடும் காட்சிகளை யாரும் சும்மா பார்த்துவிட முடியாது. நானும் அழுதேன். பிழைத்த மரியா பெலோனே படத்தோடு நின்றார். அவருடைய வலியைக் கேள்வி கேட்க நமக்கு உரிமையில்லை.

நம்முடைய ஆறுதலைக் கேட்கலாம். கடைசியில் காப்பீட்டு நிறுவனத்தின் விமானம் அவர்களை ஏற்றிக்கொண்டு பறக்கிறது. கீழே நாசமான கரை. நாம் பெருமூச்சு விடுகிறோம். அவளைச் சேற்றிலிருந்து இழுத்து, உடுத்த துணி கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய தாய்லாந்துக் கிராமத்தார் அந்தக் கரையில்தான் இருக்கிறார்கள். தாய்லாந்தில் மட்டும் 5,000க்கும் மேற்பட்ட உடல்கள். நாம் யாரோடு விமானம் ஏறினோம் என்பதைக் கதையாடல் முன்னமே தீர்மானித்துவிட்டது. பிரெக்ட் சந்தேகப்பட்ட அழுகை இதுதான். உள்ளே அழுது தீர்த்துவிட்டால் வெளியே செய்ய ஒன்றும் மிச்சமிருக்காது.

அப்படியானால் உள்ளூர்க்காரர்களே எடுத்து, உள்ளூர்க்காரர்களே பார்த்த படம்? 2023இல் மார்த்தாண்டத்தில் '2018' என்ற மலையாளப் படம் பார்த்தேன். ஜூட் ஆந்தணி ஜோசப் இயக்கியது. 400க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2018 ஆகஸ்ட் வெள்ளம். கேரளத்தில் அதைப் பார்த்தவர்களில் பலர் அந்தத் தண்ணீரில் நின்றவர்கள். அவர்கள் அழுதது நினைவுக்காக. அதைக் குறை சொல்ல மாட்டேன். மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வரும்போது எங்கள் அரங்கும் கைதட்டியது. நானும் தட்டினேன். சுமார் 65,000 பேரை மீட்டவர்கள் அவர்கள். மலப்புறத்தில் ஒரு மீனவர் தண்ணீரில் குனிந்து தன் முதுகையே படியாக்கிக் கொடுத்தார்.

படத்தின் துணைத்தலைப்பு எல்லோரும் நாயகர்களே என்கிறது. எல்லோரும் நாயகர் என்றால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? இடுக்கியில் 26 ஆண்டுகளுக்குப் பிறகு மதகு திறந்தார்கள். அணைகள் காரணமல்ல என்றது மத்திய நீர் ஆணையம். அணை நிர்வாகத்தில் தவறு இருக்கிறது, விசாரிக்க வேண்டும் என்றார் உயர்நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞர். படத்தில் பதற்றம் வருகிறது, இந்தத் தகராறு வரவில்லை. அரசைக் குறைத்துக் காட்டிவிட்டார்கள் என்று இடதுசாரி நண்பர்கள் கோபித்தார்கள். என் புகார் வேறு. அரசை யாருமே கேள்வி கேட்கவில்லையே?

கைதட்டிய அந்த மீனவர்களுக்கு ஒன்பது மாதம் முன்னால் என்ன நடந்தது? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி. எச்சரிக்கை போய்ச் சேருவதற்குள் தூத்தூர், சின்னத்துறை, பூந்துறை ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். குமரியிலும் கேரளத்திலுமாக 200க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. ஆயிரக்கணக்கில் சனங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தார்கள். அன்று யாரும் கைதட்டவில்லை. ரயில் தாமதம் என்றுதான் முணுமுணுத்தோம். நம்மைக் காப்பாற்ற வரும் மீனவன் நாயகன். தன்னைக் காப்பாற்றச் சொல்லி வரும் மீனவன் இடைஞ்சல்.

தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளை வைத்துப் பார்த்தால் கணக்குத் தெளிவாகிறது. 'தசாவதாரம்' மருட்கை தந்தது. 'தி இம்பாசிபிள்' அச்சமும் அழுகையும் தந்தது. '2018' பெருமிதம் தந்தது. மூன்றிலும் வராதது வெகுளி. வெகுளி பிறக்கும் இடம் நான்கு என்கிறார் அவர்; அதிலொன்று குடிகளுக்குச் செய்யப்படும் கேடு. 'இயற்கைப் பேரிடர்' என்ற சொல்லின் சாமர்த்தியமே இங்கேதான் இருக்கிறது. கேடு செய்தது கடல், மழை, காற்று என்றாகிவிட்டால் யார்மேல் கோபப்படுவது?

அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. அழுகை முடிகிற இடத்தில் படமும் முடிந்துவிடுகிறது என்பதுதான் விஷயம். தண்ணீர் வடிந்த பிறகு வருகிற நாற்றம், முகாம், பட்டியல், விடுபட்ட பெயர், வராத எச்சரிக்கை, இவற்றில்தான் வெகுளி இருக்கிறது. குளச்சல் நண்பர் டீக்கடையில் கேட்டது அதைத்தான். அதைப் படமாக்கினால் விசிலும் வராது, கைதட்டலும் வராது. நாம் டிக்கெட் வாங்குவோமா என்பதுதான் என் சந்தேகம்.