வைரமும் நீர்க்கடிகாரமும்

அருங்காட்சியகத்தைப் பார்ப்பது வேறு. அதன் வழியே நடத்திச் செல்லப்படுவது வேறு. இஸ்தன்பூல் நகருக்குக் குழுப்பயணமாகச் செல்லும் நம்மவர்க்கு அருங்காட்சியகங்களுக்கென ஒருநாள் ஒதுக்கப்படுவதுண்டு. அத்தகைய ஒருநாளின் அமைப்பை ஆராய்வது பயனுடையது.

காலையில் தோப்காப்பி அரண்மனை. உதுமானிய சுல்தான்கள் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் வாழ்ந்த அவ்விடம் 1924-இல் அருங்காட்சியகமாயிற்று. நாம் உடன்சென்ற குழுவின் வழிகாட்டி நாவன்மை மிக்கவர். 86 காரட் வைரத்தின் முன் நின்று, அதைக் கண்டெடுத்த ஏழை மூன்று கரண்டிகளுக்கு அதை விற்றான் என்னும் கதையைச் சுவைபடக் கூறினார். மரகதக் குத்துவாளுக்கும் கதை இருந்தது. புனிதச் சின்னங்களின் மண்டபத்தில் மட்டும் அவர் பேசவில்லை. திருமறை ஓதும் ஒலியில் கூட்டம் தானே அடங்கிற்று.

மாலையில், அரண்மனையை அடுத்த குல்ஹானே பூங்காவிலுள்ள இஸ்லாமிய அறிவியல், தொழில்நுட்ப வரலாற்று அருங்காட்சியகம். இதற்குக் கிடைத்தவை இருபது நிமிடங்களே. “இவை அனைத்தும் மாதிரிகள்தாம்” என்ற ஒரே வாக்கியத்துடன் குழு வெளியேறியது.

நம் குறை இதுதான். அவை மாதிரிகள் என்பது உண்மை. ஆயின் அது விளக்கத்தைச் சுருக்குவதற்குக் காரணமாகாது, பெருக்குவதற்கே காரணமாகும். வைரம் யார் சொல்லாமலும் ஒளிரும். அல்-ஜஸரியின் யானைக் கடிகாரமோ சொன்னாலன்றி விளங்காது. யானையின் வயிற்றிலுள்ள நீர்த்தொட்டியில் துளையிட்ட கிண்ணமொன்று மிதக்கிறது. அரைமணி நேரத்தில் அது நிறைந்து மூழ்குகையில் கயிறு இழுபட்டு, மேலிருந்து ஓர் உருண்டை விழுகிறது. அதனை ஏந்திய பாம்பு தாழ்கிறது. கிண்ணம் மீண்டும் மேலெழுகிறது. இதைச் சொல்லிமுடிக்க ஐந்து நிமிடம் போதாதா? இப்பொறியை விவரிக்கும் நூல் 1206-இல் எழுதி முடிக்கப்பட்டது. அதன் மிகப் பழைய பிரதி, காலையில் நாம் நடந்த அதே தோப்காப்பியின் நூலகத்தைச் சேர்ந்தது! காலையையும் மாலையையும் இணைக்கும் அந்த ஒரு செய்தி குழுவினர்க்குக் கிடைக்கவில்லை.

இக்கூடத்தை உருவாக்கிய பேரறிஞர் ஃபுவாத் ஸெஸ்கினின் பெயரும் சொல்லப்படவில்லை. 1960-ஆம் ஆண்டு இராணுவப் புரட்சியை அடுத்துப் பல்கலைக்கழகப் பணியை இழந்து ஜெர்மனி சென்றவர் அவர். 1982-இல் பிராங்ஃபர்ட் நகரில் ஆய்வகம் நிறுவி, ஏட்டுச் சுவடிகளில் கண்ட கருவிகளை உருப்பெறச் செய்தார். 2008-இல் தாயகத்தில் இக்கூடம் திறக்கப்பட்டது. 2018-இல் அவர் மறைந்தார்.

பெருமை பேசுவதும் விளக்கமாகிவிடாது. வாயிலருகே நிற்கும் உலக உருண்டை, கலீபா மஃமூன் காலத்து வரைபடத்தைத் தழுவியது என்பது ஸெஸ்கினின் முடிவு. மூலப்படம் இன்றில்லை, பதினான்காம் நூற்றாண்டுச் சுவடியொன்றின் படத்தை அவர் சான்றாகக் கொண்டார். அம்முடிவை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. எஞ்சியிருப்பது எது, ஊகித்து அமைத்தது எது என்று பிரித்துச் சொல்வதே அறிவியலுக்குச் செய்யும் மரியாதை.

பயணம் அமைப்போர் குல்ஹானேக்கு அரைநாள் தரட்டும். பெற்றோரும் பிள்ளைகளுக்கு நூறு பொருள்களைக் காட்டி விரையாமல், ஒரு கருவியின் முன் நின்று, “இது எவ்வாறு இயங்குகிறது?” என்று கேட்கட்டும். கரண்டிக் கதை ஊர் திரும்பும் வரை சிரிக்க உதவும். அந்தக் கேள்வி, ஊர் திரும்பிய பின்னும் பிள்ளையின் நெஞ்சில் வேலை செய்யும்.