பரிமாற்றச் சார்பும் அதன் எல்லையும்

ஒரு பொறிக்குள் ஒன்று உட்செல்கிறது, மற்றொன்று வெளிவருகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கணித வடிவில் எழுதிவிட்டால், உள்ளே நிகழ்வதைத் துருவிப் பாராமலே, இன்னது செலுத்தினால் இன்னது கிடைக்கும் என்று முன்கூட்டியே கூறிவிடலாம். இத்தொடர்பையே ‘டிரான்ஸ்ஃபர் பங்ஷன்’ என்பர். பரிமாற்றச் சார்பு என நாம் வழங்கலாம். பரிமாற்றம் என்றதும் கொடுத்து வாங்கல் நினைவுக்கு வரும்; இங்கோ ஓட்டம் ஒருவழியே என்பதை வாசகர் மனங்கொள்க.

இக்கருத்து செழித்து வளர்ந்த இடம் மின்னியல். அமெரிக்காவில் தொலைபேசிக்கான மிகைப்பிகளை ஆராய்ந்த நைக்விஸ்ட் 1932இல் எழுதிய கட்டுரையும், போடே 1945இல் வெளியிட்ட நூலும் இத்துறையின் தூண்கள். மிகைப்பி மனிதன் செய்த கருவி. ஐயம் எழுந்தால் மீண்டும் ஒரு குறிப்பலையைச் செலுத்திச் சோதிக்கலாம்; நூறு முறை சோதித்தாலும் அது சலித்துக்கொள்வதில்லை. சார்பின் மீது பொறியியலார் கொண்ட நம்பிக்கைக்கு இச்சோதனையே அடிப்படை. பிற துறைகள் சார்பைக் கடன் வாங்கியபோது, சோதனையையும் சேர்த்து வாங்கினவா? நாம் ஆராய வேண்டிய வினா இதுவே.

அதே 1932இல் ஷெர்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஆற்று வெள்ளத்துக்கு ஒரு முறை வகுத்தார். ஒரு வடிநிலத்தின் மேல் குறித்த நேரத்தில் ஓர் அலகு மழை சீராகப் பெய்து ஓடினால், ஆற்றில் நீர் எப்படி ஏறி இறங்கும் என்பதை வரைந்துகொள்வது. இரண்டலகு மழைக்கு இருமடங்கு. அடுத்தடுத்த மழைகளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டல். பெயர் அலகு நீர்வரைவு; தன்மையோ பரிமாற்றச் சார்பே. எளிமையும் பயனும் மிக்க முறை. பாலங்களும் வடிகால்களும் அணைகளும் இதனால் கணிக்கப்பட்டன.

எனினும் இதன் உள்ளே இரு அனுமானங்கள் ஒளிந்துள்ளன. மழை பெருகும் அளவுக்கே வெள்ளமும் பெருகும் என்பது ஒன்று. ஏற்கெனவே நனைந்த மண்ணும் காய்ந்த மண்ணும் ஒன்றுபோல் நடப்பதில்லை. இதை அறிந்தே, மண் குடித்தது போக எஞ்சிய மழையை மட்டும் ஷெர்மன் கணக்கில் எடுத்தார். ஆனால் மண் எவ்வளவு குடிக்கும் என்பதைப் பெரும்பாலும் கணிப்பவரின் மதிப்பீடே முடிவு செய்கிறது. கணிதத்தின் துல்லியம் முழுவதும் அம்மதிப்பீட்டின் மேல் ஏறி நிற்கிறது! நிலம் என்றும் மாறாது என்பது மற்றோர் அனுமானம்.

நிலம் மாறாதா? நமது தாசேக் கெலுகோரையே எடுத்துக்கொள்வோம். ஏரியைப் பெயரிலே தாங்கிய ஊர். ரப்பர்த் தோட்டமும் செம்பனையும் நெல்வயலும் சூழ்ந்த செபராங் பிறையின் வடபகுதி. தோட்டத்தில் பெய்யும் மழையை இலைகள் தாங்கும், சருகு ஈர்க்கும், மண் உறிஞ்சும். எஞ்சியது மெல்ல ஓடையை அடையும். அதே நிலம் வீட்டுமனையாகித் தாரும் சிமெண்டும் கூரையும் மூடிக்கொண்டால், அதே மழை விரைந்து திரண்டு ஓடும். வெள்ளத்தின் உச்சம் முந்தி வரும், உயர்ந்தும் வரும். மழை மாறவில்லை, சார்பு மாறிவிட்டது. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் 11ஆம் எண் நீரியல் செய்முறை, ஊர்ப்புற வடிநிலங்களுக்கானது என்று தன் தலைப்பிலேயே எல்லை கட்டியுள்ளது. அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஆனால் செபராங் பிறை 2019இல் மாநகர் ஆகிவிட்டது. எது ஊர்ப்புறம், எது நகர்ப்புறம் என்ற கோடு ஆண்டுதோறும் நகர்கிறது. 2017 நவம்பர் 4, 5 நாட்களில் பினாங்குத் தீவும் செபராங் பிறையும் வெள்ளத்தில் தத்தளித்ததை நாம் மறக்கவில்லை. அன்று கொட்டியது பெருமழை. பழியனைத்தையும் கணக்கின் மேல் சுமத்துவது முறையன்று. என்றாலும் மாறிய நிலத்துக்குப் பழைய சார்பைப் பயன்படுத்தினால், தவற்றின் விலையைக் கொடுப்பவர் கணித்தவர் அல்லர். தாழ்ந்த இடத்தில் வீடு கட்டியவரே.

நிலத்தில் மட்டுமா இச்சிக்கல்? கடலிலும் உண்டு. கடலடிச் சேற்றில் கிடக்கும் நுண்ணுயிர் ஓடுகளின் வகைகளைக் கொண்டு பண்டைய கடலின் வெப்பத்தைக் கணிக்க, இம்பிரி, கிப் என்னும் இருவர் 1971இல் ஒரு சார்பை அமைத்தனர். அதை வைத்து ‘கிளைமாப்’ என்ற ஆய்வுத் திட்டம் பனியூழிக் கடலுக்குப் படம் வரைந்தது. வெப்பமண்டலக் கடலின் பெரும்பகுதி 2 பாகைக்கும் குறைவாகவே குளிர்ந்தது என்றது அப்படம். 1994இல் பார்படோஸ் பவளங்களை ஆராய்ந்தோர் ஏறத்தாழ 5 பாகை என்றனர். பின்வந்த கணக்குகள் பலவும் இவ்விரண்டுக்கும் இடையே நிற்கின்றன. இன்றைய கடலில் கற்ற தொடர்பு, இன்று எங்குமே காணாத உயிர்க்கூட்டம் வாழ்ந்த அன்றைய கடலுக்கும் பொருந்துமா என்ற கேள்வி இவ்வழக்கால் கூர்மை பெற்றது.

அப்படியானால் பரிமாற்றச் சார்பைத் தூக்கி எறிவதா? அன்று. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார் உண்டா? சார்பு எங்கே, எப்போது, எந்த அளவுக்குள் கற்கப்பட்டது என்பதையும் அதனோடு சேர்த்தே எழுதுக என்பதுதான் நமது வேண்டுகோள்.

நம் நாட்டில் இதற்கு வழியும் இருக்கிறது. 2001 முதல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற மழைநீர் மேலாண்மைக் கையேடு, வளர்ச்சிக்குப் பின் ஓடும் நீரின் உச்சம் முன்பிருந்ததை விஞ்சலாகாது என்கிறது. நல்ல விதி. ஆனால் ‘முன்பிருந்தது’ என்பதை யார் அளந்து வைத்தார்கள்? மரத்தை வெட்டி மண்ணைச் சமப்படுத்திய பிறகு, அந்தத் தோட்டத்தின் சார்பை எந்தக் கணித மேதையாலும் அளக்க இயலாது. ஆகவே எஞ்சியுள்ள தோட்டங்களின் ஓடைகளில் இப்போதே மழைமானியும் நீர்மட்ட அளவுகோலும் வைக்க வேண்டும். செலவு பெரிதன்று, காலம் தவறினால் திரும்பக் கிடைப்பதும் அன்று.