எல்லையற்ற கான்வாஸின் குறுகலான ஜன்னல்

வெப்டூன் என்னும் இணையச் சித்திரக்கதையின் பிரியர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எப்படியும் காமிக்ஸ் கலைஞரும் கோட்பாட்டாளருமான ஸ்காட் மெக்ளவுட்டின் பெயர் வந்துவிடுகிறது. அன்றைக்கே சொன்னார், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, இன்று உலகமே கட்டைவிரலால் கதையைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் வாதம். சான்றுகளும் கைவசம் வைத்திருக்கிறார்கள். கொரியாவில் 2003இல் டவும் தளத்தில் கங் புல் செங்குத்தாக ஓடும் காதல் கதையை வரைந்தார். மறு ஆண்டே நேவர் வெப்டூன் வந்தது. 2014இல் அது ஆங்கிலத்துக்குப் போனது. 2022இல் ரேச்சல் ஸ்மைத்தின் 'லோர் ஒலிம்பஸ்' ஐஸ்னர் விருது வாங்கியது. 2024இல் வெப்டூன் நிறுவனம் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது. ஆகவே, 2000இல் 'ரீஇன்வென்டிங் காமிக்ஸ்' நூலில் 'எல்லையற்ற கான்வாஸ்' என்று மெக்ளவுட் எழுதியது பலித்துவிட்டதாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. அது பலிக்கவில்லை. பலித்திருந்தாலும் காமிக்ஸுக்கு நல்லதாக இருந்திருக்காது என்பது என் நெடுநாள் எண்ணம்.

அவருக்குச் சேர வேண்டியதை முதலிலேயே கொடுத்துவிடலாம். 1993இல் வந்த 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' இல்லாமல் இன்று காமிக்ஸைப் பற்றி யாரும் நாலு வரி ஒழுங்காக எழுத முடியாது. படைப்பாளிகளின் உரிமைக்காக 1988இல் எழுதப்பட்ட சாசனத்தில் அவர் பங்கு பெரிது. ஒரே நாளில் 24 பக்கம் வரைந்து முடிக்கும் விளையாட்டை 1990இல் தொடங்கி வைத்தவரும் அவரே. இணையம் என்றால் செய்தித்தாள் கீற்றை ஸ்கேன் செய்து ஏற்றும் இடம் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருந்த காலத்தில், கணினித்திரைக்கென்றே ஒரு வடிவம் வேண்டாமா என்று கேட்டவர். சொன்னதைத் தானே வரைந்தும் பார்த்தார். மேடையில் ஆருடம் சொல்லிவிட்டு இறங்கிப்போன எத்தனையோ பேரைவிட அது மேல்.

இனி அவர் சொன்னதைப் பார்ப்போம். கணினித்திரையைப் பக்கமாக நினைக்காதே, ஜன்னலாக நினை என்றார். ஜன்னலுக்கு அப்பால் தாள் எந்தத் திசையிலும் நீளலாம். கதை படிக்கட்டாக இறங்கலாம், சுருளாகச் சுற்றலாம், கனசதுரத்தின் ஆறு முகங்களிலும் ஓடலாம். காமிக்ஸில் இடம்தான் காலம், அச்சுத்தாள் அந்த இடத்தைக் கத்தரித்துவிட்டது, இனி இரண்டு கட்டங்களுக்கு இடையே வேண்டிய அளவு தூரம் விட்டு வேண்டிய அளவு காலத்தைக் காட்டலாம். இதுதான் கருத்தின் உயிர்.

வெப்டூன் இதில் எதைச் செய்கிறது? மேலிருந்து கீழே போகிறது, அவ்வளவுதான். அகலத்தைக் கைப்பேசி தீர்மானிக்கிறது. பக்கவாட்டில் ஒரு கட்டம்கூட நகர இடமில்லை. 1997 நிதி நெருக்கடிக்குப் பிறகு கொரியாவில் மான்ஹ்வா எனப்படும் அச்சுக் காமிக்ஸின் சந்தை நொடிந்தது. ஆள் வரத்தைப் பெருக்க இலவசச் சரக்கு தேடிய இணைய வாசல்கள் வரைகலைஞர்களைச் சேர்த்துக்கொண்டன. வலைப்பக்கம் கீழ்நோக்கி உருளுவதால் கதையும் கீழ்நோக்கி உருண்டது. பின்னால் கைப்பேசி வந்து அந்த வடிவத்தை உறுதியாக்கியது. இதில் கோட்பாட்டுக்கு வேலையே இல்லை. இடம், வலம், மேல், கீழ், சுருள், கனசதுரம் என எல்லாத் திசையையும் ஒருவர் சொல்லி வைத்தால் அதில் ஏதாவது ஒன்று பலிக்கத்தான் செய்யும். அதற்குத் தீர்க்கதரிசனம் என்று பெயர் கொடுப்பது தாராளம்.

ஆனால் என் மறுப்பு வெப்டூனைப் பற்றியதல்ல. மெக்ளவுட்டின் இணையப் படைப்புகளைப் பற்றியது, அவற்றில் குறையாகவே தங்கிவிட்ட ஒன்றைப் பற்றியது.

காமிக்ஸ் பக்கத்தை நாம் இரண்டு தடவை படிக்கிறோம். பக்கம் திரும்பியதும் கண் முழுப் பக்கத்தையும் ஒரு வீச்சில் பார்த்துவிடுகிறது. எங்கே இருட்டு, எங்கே பெரிய கட்டம், எங்கே கூட்டம் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம்தான் முதல் கட்டத்துக்குத் திரும்பி வரிசையாகப் படிக்கத் தொடங்குகிறது. நாலாவது கட்டத்தைப் படிக்கும்போதும் ஓரக்கண்ணில் முதலாவது இருக்கிறது, எட்டாவதும் இருக்கிறது. பிரெஞ்சு விமர்சகர் பியர் பிரெஸ்னோ-டெருயெல் 1976லேயே வரிசையாகப் படிப்பதையும் பலகையாகப் பார்ப்பதையும் பிரித்துக் காட்டிவிட்டார். தியரி குரோன்ஸ்டீன் 1999இல் வந்த தன் நூலில் கட்டங்கள் பக்கம் முழுக்க ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதையே காமிக்ஸின் இலக்கணமாக வைத்தார். மெக்ளவுட்டுக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவும் அந்தச் சிறு இடைவெளியில் அவருக்கு இருந்த மோகம் பக்கத்தின் மேல் ஒருநாளும் இருந்ததில்லை. பக்கம் அவருக்கு வெறும் சிறைச்சுவர். சுவரை இடித்தால் விடுதலை என்று நினைத்தார். இடித்தபின் வாசகனுக்கு மிஞ்சியது 800க்கு 600 புள்ளி அளவுள்ள ஜன்னல். தாள் பெரிதாகப் பெரிதாக, அதில் ஒரு நேரத்தில் கண்ணில் படும் பங்கு சிறுத்துக்கொண்டே போனது.

அவர் காட்டும் முன்னோடிகளே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறார்கள். எட்டு மான் என்னும் வீரனின் கதையைச் சொல்லும் மெக்சிகோ நாட்டின் பழைய மடிப்புச் சுவடியை 1993 நூலில் கொண்டாடுகிறார். பிரான்சின் பேயோ துணிச்சித்திரமும் வருகிறது. மடிப்புச் சுவடியை வேண்டிய அளவு விரித்துத் தரையில் பரப்பலாம், ஏழெட்டு மடிப்பை ஒருசேரப் பார்க்கலாம். கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளமுள்ள பேயோ துணியின் முன் நின்று இரண்டடி பின்னால் போனால் ஒரு போர்க்களமே கண்ணுக்குள் வந்துவிடும். அந்த நீளத்தை உடம்பு நடந்து அளக்கிறது. கணினித்திரையில் பின்னால் போக இடமில்லை. நாற்காலியைத் தள்ளிப் போட்டாலும் ஜன்னல் அதே ஜன்னல்தான். (டிராஜன் தூணை முன்னிறுத்தியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். சுற்றிச் சுற்றி மேலே ஏறும் அதன் சிற்பங்களைத் தரையில் நிற்பவன் முழுசாகப் பார்க்கவே முடியாது.)

2000இல் வந்த 'ஸாட் ஆன்லைன்: ஹார்ட்ஸ் அண்ட் மைண்ட்ஸ்' தொடரை எடுத்துக்கொள்வோம். எண்பதுகளில் எக்ளிப்ஸ் வெளியிட்ட 'ஸாட்!' இதழ்களின் நாயகனும் அவன் தோழி ஜென்னியும் மீண்டும் வருகிறார்கள். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையே கோடுகள். கண் வழிதவறாமல் இருக்க அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும். அச்சில் பெரும்பாலும் இப்படிக் கோடு தேவைப்பட்டதில்லை, ஏனென்றால் அடுத்த கட்டம் கண்முன்னே இருந்தது. இங்கே அடுத்தது எங்கே என்று தெரியாததால் கயிறு கட்ட வேண்டியதாயிற்று. நீண்ட இடைவெளி நீண்ட காலத்தை உணர்த்தும் என்ற கணக்கும் தப்பிப்போனது. இடைவெளி வந்தால் வாசகன் நிதானிப்பதில்லை, சக்கரத்தை வேகமாகச் சுழற்றுகிறான். வெற்றிடத்தைச் சீக்கிரம் கடக்கத்தான் யாருக்கும் தோன்றும். தாளில் இடத்தைக் காலமாக்குவது கண். உருளும் திரையில் காலம் விரலின் கைக்குப் போய்விடுகிறது, விரலுக்கோ கதையைப் பற்றிக் கவலையில்லை.

'தி ரைட் நம்பர்' இன்னும் தெளிவான உதாரணம். 2003இல் வந்தது. கணிதப் பித்துப் பிடித்த ஒருவன் காதலியின் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கத்தைத் தப்பாக அழுத்துகிறான். எதிர்முனையில் கிட்டத்தட்ட அவளைப் போலவே ஒருத்தி. எண்ணுக்கும் ஆளுக்கும் தொடர்பு இருக்கிறது என்று முடிவுகட்டி, குறையே இல்லாத பெண்ணைத் தரும் சரியான எண்ணைத் தேடத் தொடங்குகிறான். கதைக்கரு பிரமாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொன்ன விதம்? ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு சின்னச் சதுரம், அதுதான் அடுத்த கட்டம். சொடுக்கினால் அது பெருகி வந்து முந்தையதை விழுங்குகிறது. அதன் நடுவில் இன்னொன்று. பித்து உள்ளே உள்ளே போவதை வடிவமே காட்டுகிறது என்பார்கள் அவரைப் புகழ்பவர்கள். நாலைந்து கட்டம் வரை அப்படித்தான் இருக்கிறது. பிறகு கண் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நடுச்சதுரத்திலேயே குத்திட்டு நிற்கிறது. எல்லாப் படத்துக்கும் நடுவில் ஓட்டை தேவைப்படுவதால் முகமும் கையும் ஓரமாக ஒதுங்கிக்கொள்கின்றன. அமைப்பில் வேறுபாடு காட்ட வழியே இல்லை.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. 1993இல் அவரே காமிக்ஸுக்கு இலக்கணம் வகுத்தார். அதில் உயிர்நாடியான நிபந்தனை, படங்கள் அருகருகே வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது. சினிமாவை ஏன் காமிக்ஸ் என்று சொல்ல முடியாது என்று அங்கே விளக்குகிறார்: சினிமாவில் படங்கள் ஒரே திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, காமிக்ஸில் ஒவ்வொரு படத்துக்கும் தனி இடம் உண்டு. 'தி ரைட் நம்பர்' என்ன செய்கிறது? ஒரே திரையில், ஒரே இடத்தில், ஒன்றை அழித்துவிட்டு மற்றொன்றை வைக்கிறது. சிறுசதுரமாக முன்கூட்டியே எட்டிப் பார்க்கிறதே, அது அருகில் இருப்பதாகாதா என்று கேட்கலாம். நகத்தளவு இருப்பதைப் படிக்க முடியாது. அது பொத்தான், படமல்ல. தன் கலைக்குத் தானே வகுத்த வரையறையைத் தன் புதுமை தாண்டிப் போய்விட்டதை அவர் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. கண்டிருந்தால் அதைப் பற்றி ஒரு நூல் எழுதியிருப்பார், அவர் சுபாவம் அப்படி.

அந்தக் கதைக்கு அவர் வைத்த விலை 25 சென்ட். பிட்பாஸ் என்ற குறுங்கட்டண நிறுவனம் வழியாக வசூல். இணையத்தைப் பற்றி எழுதிவந்த கிளே ஷிர்கி அதே ஆண்டு, காசு சின்னதானாலும் கொடுக்கலாமா என்று யோசிப்பது பெரிய தொல்லை என்று எழுதினார். 2007இல் பிட்பாஸ் மூடப்பட்டது. மூன்று பகுதி என்று சொன்ன கதை இரண்டோடு நின்றது. இந்த வியாபாரத் தோல்வியை வைத்து அவரை அடிப்பவர்களோடு நான் சேரவில்லை. கேரி கிரோத் 'தி காமிக்ஸ் ஜர்னல்' இதழில் எழுதிய கடுமையான மறுப்பும் முக்கியமாக மெக்ளவுட்டின் சந்தை நம்பிக்கையைத்தான் குறிவைத்தது. அது சுலபமான குறி. கதையை நிறுத்தியது காசா, வடிவமா என்று கேட்டால் நான் வடிவம் என்பேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பழக்கம்தான். பந்தலைப் போட்டுவிட்டு மாப்பிள்ளை தேடுவது. சதுரங்கப் பைத்தியமாக இருந்த தன் இளமையைச் சொல்ல ஒரு பலகை, வாசகர் யோசனைகளைச் சேர்க்க 'சூஸ் யுவர் ஓன் கார்ல்' என்ற குறுக்கெழுத்து போன்ற கிளைப்பின்னல், பெருகும் சதுரம், இறங்கும் கயிறு என்று ஒவ்வொன்றிலும் வடிவம் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கதை அதன் செயல்விளக்கமாகிவிடுகிறது. படித்து முடித்ததும் 'இப்படியும் செய்யலாம் போலிருக்கிறதே' என்று தோன்றுகிறதே தவிர, ஜென்னியின் துக்கம் நம்மோடு வருவதில்லை. அச்சு 'ஸாட்!' கடைசி இதழ்களில் அவள் நம்மோடு வந்தாள்.

முன்னோடி என்றால் தடுக்கி விழத்தான் செய்வார், பின்னால் வந்தவர்கள் அந்த வழியில்தானே நடந்தார்கள் என்று சமாதானம் சொல்வார்கள். நடந்தார்களா? 2010இல் எமிலி கரோல் வெளியிட்ட 'ஹிஸ் ஃபேஸ் ஆல் ரெட்' கதையைப் பாருங்கள். அண்ணனைக் கொன்று குழியில் போட்டவன். மறுபடி ஊருக்குள் வந்து நிற்கும் அண்ணன். கரோல் கதையை ஒரே நீளத்தாளாக விடவில்லை. பல பக்கங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு நீளம் வைத்தார். சில பக்கங்களைச் சொடுக்கத் தயக்கமாக இருக்கும். உருட்டலை முழுசாக அவிழ்த்துவிடுவது, தம்பி அந்தக் குழிக்குள் இறங்கும்போதுதான். கறுப்பு, இன்னும் கறுப்பு. அங்கே விரல் அவசரப்படுவதில்லை, கீழே என்ன இருக்கிறது என்ற பயம் அதைப் பிடித்து நிறுத்துகிறது. எல்லையற்ற தாளிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒரு முழ நீளம், அதுவும் கதை கேட்ட இடத்தில். மற்ற இடங்களிலெல்லாம் மெக்ளவுட் வேண்டாம் என்று தள்ளிய பக்கம்தான் வேலை செய்கிறது.

ராண்டல் மன்றோ 2012இல் தன் 'எக்ஸ்கேசிடி' இணையக் காமிக்ஸ் வரிசையில் ஒரு பிரம்மாண்டமான படத்தைச் சின்னக் கட்டத்துக்குள் அடைத்து, இழுத்து இழுத்துப் பார்க்க வைத்தார். உலகின் பருமனைக் கண்டு திகைப்பதுதான் அங்கே விஷயம், அதனால் ஜன்னல் குறுகலாக இருந்தது குறையாகவில்லை. மறு ஆண்டு அவர் 'டைம்' வரைந்தபோது இடத்தைத் தொடவே இல்லை. ஒரே கட்டம். முதலில் அரைமணிக்கு ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை மாறியது, மாதக்கணக்கில், 3,000க்கும் மேற்பட்ட படங்கள். 2014இல் ஹியூகோ விருது கிடைத்தது. இணையத்தில் காலத்தைக் காட்டக் காலமே போதும், தூரம் தேவையில்லை என்று குச்சி மனிதர்களை வைத்தே காட்டிவிட்டார். காமிக்ஸா அது என்று கேட்டால், மெக்ளவுட்டின் 1993 இலக்கணப்படி இல்லை. மன்றோ அப்படி உரிமை கொண்டாடி நூல் எழுதவும் இல்லை.

மெக்ளவுட் அப்புறம் என்ன செய்தார் என்பதையும் பார்க்கலாம். 2006இல் 'மேக்கிங் காமிக்ஸ்', அச்சு நூல். 2008 செப்டம்பரில் கூகுள் தன் குரோம் உலாவியை அறிமுகப்படுத்த அவரை வரையச் சொன்னது. புதிய உலாவி, கைக்குள் முழு இணையம், பின்னால் கூகுள். எல்லையற்ற தாளுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. 38 பக்கம் வரைந்து கொடுத்தார், எண் போட்ட, அச்சடிக்கக்கூடிய பக்கங்கள். இணையத்தில் அவர் போட்டதிலேயே மிகப் பரவலாகப் படிக்கப்பட்டது அதுவாகத்தான் இருக்கும். 2015இல் 'தி ஸ்கல்ப்டர்': சாவோடு பேரம் பேசி 200 நாள் ஆயுளுக்கு, எதையும் வெறுங்கையால் வடிக்கும் ஆற்றலை வாங்கும் சிற்பியின் கதை, ஏறக்குறைய 500 பக்கம், தாளில். நாள் குறையக் குறையப் பக்கத்தைத் திருப்பவே கை கூசுகிறது. எத்தனை பக்கம் மிச்சம் என்பது வலது கையின் கனத்தில் தெரிகிறது, கதாநாயகனின் ஆயுளும் அதே அளவில்தான் மிச்சமிருக்கிறது. இந்தக் காரியத்தைச் செய்ய அவருக்கு முடிவுள்ள ஒரு பொருள் வேண்டியிருந்தது. கடைசித் தாள் எங்கே என்று தெரியாத ஒரு கான்வாஸில் இந்தக் கதையை அவர் எப்படி வரைந்திருப்பார் என்று வெப்டூன் பிரியர்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.